அடியில் அறுத்த கொடி

1931 நவம்பர் 12, வியாழன்.

மலைக்காட்டு மரங்களில் எந்தச் செடி எந்த உயரத்தில் வளர்கிறது என்று, செடிகொடிகளை ஆராயும் துரைக்காகக் குறித்து வருகிறோம். மாரியப்பன் மரமேறிப் பார்த்துச் சொல்வான். நான் கீழே நின்று எழுதுவேன்.

இன்று பாதி மரத்திலிருந்து கத்தினான்: "கவட்டையில பெரணிதான், அண்ணே! ஆர்க்கிட்டெல்லாம் உச்சியில! இந்தக் கொடியப் புடிச்சி ஏறிடறேன் லா!"

நிமிர்ந்து பார்த்தேன். கொடியின் இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. "சரி, ஏறு" என்றேன்.

கொடி அவனோடு சேர்ந்து கீழே வந்தது.

திங்கட்கிழமை அதன் அடியில் ஒரு முழம் அறுத்து எடுத்தவன் நான். மாதிரிக்காக. ஆர்க்கிட் கிளையிலேயே வேர்விடும், கொடிக்கு வேர் தரையில்; அடியை அறுத்தால் மேலே அதன் பிடி தளர்ந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். பாவி!

ஆஸ்பத்திரியில் அவன் இன்னும் கண் திறக்கவில்லை. அவன் மனைவி அஞ்சலை அழுதுகொண்டே, "மழ ஈரத்துல வழுக்கிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"நீங்க கூட இருந்ததாலதான் உசுரோட கொண்டுவந்து சேர்த்தீங்க" என்று கும்பிட்டாள்.

முருகா, அவன் பிழைக்க வேண்டும். பிழைத்தால் அவனிடம் சொல்லிவிடுவேனா?

அறுத்த துண்டு மேசைமேல் கிடக்கிறது. அதில் கட்டிய சீட்டில் திங்கட்கிழமைத் தேதி, என் கையெழுத்தில். அதை அவிழ்க்கவும் முடியவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை.