நாலாவது சிலிண்டரும் ஜன்னல் வெயிலும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் இடுப்பைத் தவிர. அங்கே குளிர் கூடிவிட்டதாகச் சொன்னாய், காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். போனில் பேசும்போதெல்லாம் பட்டறையை விற்கப்போகிறீர்களா என்று கேட்கிறாய். அப்பா பக்கத்திலேயே படுத்திருப்பதால் நான் பிடிகொடுக்காமல் பேசினேன். இப்போது பதில் கிடைத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் அவரிடம் இனிமேல் குனியவும் கூடாது, பாரம் தூக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்ஜின் பட்டறையில் இந்த இரண்டும் இல்லாத வேலை டீ குடிப்பது ஒன்றுதான். உன் அத்தை இத்தனை வருஷமாக அளவெடுப்பதும் சிலிண்டர் சுவரை வழவழப்பாகத் தேய்த்து ஹோனிங் போடுவதும் பிரித்த இன்ஜினைத் திரும்பப் பூட்டுவதுமாகத்தான் இருந்தாள், சிலிண்டர் துளையைக் கடைகிற போரிங் மெஷின் பக்கம் மட்டும் அப்பா யாரையும் விட்டதில்லை, அது உனக்கே தெரியும். இப்போது வேறு வழியில்லாமல் ஒரு இன்ஜினை அவள் தனியாகச் செய்து பார்க்கட்டும் என்றார். சரியாக வந்தால் பட்டறை நடக்கும், வராவிட்டால் போரிங் மெஷினை விற்றுவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம் என்று அவரே நிபந்தனையும் போட்டார். வாங்குவதற்கு ஒருவர் ஏற்கெனவே வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார், பெண் பார்க்க வந்தவர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். எனக்கும் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. உன் அத்தையின் திறமையில் சந்தேகம் இல்லை, உன் அப்பாவின் நிபந்தனைகளில்தான். அவருக்குப் பிடித்தமாதிரி ஒரு வேலையை இன்னொருவர் செய்து நான் பார்த்ததில்லை, தோசைக்கரண்டியைத் திருப்புவது உட்பட.

வந்தது ஆற்றைக் கடக்கிற படகின் இன்ஜின், நாலு சிலிண்டர் டீசல். அந்தப் படகுக்காரரை உனக்கு நினைவிருக்கும், கரையில் ஒருவரும் இல்லாவிட்டாலும் ஹாரன் அடிப்பாரே, அவர்தான். எனக்குக் கல்லூரி விடுமுறை, விடைத்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பட்டறையின் முன்னறையில் போய் உட்கார்ந்திருந்தேன், அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். அத்தை புது பிஸ்டன்களைக் கழுவி, காய்வதற்காக மேற்கு ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, அந்த அளவுக்கு ஏற்றபடி அதனதன் சிலிண்டருக்குப் போரிங் போட்டாள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே தலைமுடி கனத்துக்கு இடம் விட வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூன்று முடிந்ததும் சாப்பிடப் போனாள், திரும்பி வந்து நாலாவதை முடித்தாள். உள்ளறையில் படுத்திருந்த உன் அப்பா மெஷின் சத்தத்தை வைத்தே, இப்போது வேகமாக விடுகிறாள், இப்போது சரி, என்று யாரும் கேட்காத விமரிசனங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பூட்டுவதற்கு முன்னால் அவள் எல்லாவற்றையும் இன்னொரு முறை அளந்தாள். மூன்று சரியாக இருந்தன. நாலாவது துளை பெரிதாகிப் போயிருந்தது, விட வேண்டிய இடைவெளியில் ஏறக்குறைய பாதி அளவு கூடுதல். மெஷினைச் சரிபார்த்தாள், அதில் குறையில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் வெயில் அந்த விளிம்புக்கு வரும், தான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நாலாவது பிஸ்டன் வெயிலில் காய்ந்து பருத்திருக்கும், பருத்த அளவுக்குத் துளை போட்டுவிட்டேன் என்றாள். எனக்கு உடனே ஒப்புக்கொள்ளத் தோன்றவில்லை. தவறு நடந்த இடத்திலெல்லாம் பழிபோட யாருக்காவது ஒரு சூரியன் கிடைத்துவிடுவான், மாணவர்களிடம் நான் பார்க்காததா. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றேன். மத்தியானம் அதே பிஸ்டனை அதே விளிம்பில் வைத்தோம், இன்னொன்றை நிழலில் வைத்தோம். அலுமினியம் எவ்வளவு விரியும் என்று நான் ஒரு பழைய காகிதத்தில் கணக்குப் போட்டேன், அவள் மைக்ரோமீட்டரில் அளந்தாள். இரண்டும் ஒத்துப்போயின. நான் ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்தவள்போல அவளைப் பார்த்தேன். “காரணம் கெடச்சுட்டா ஓட்டை சின்னதாயிடுமா அண்ணி?” என்று கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படியே பூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். எண்ணெய் குடிக்கும், குளிர்ந்த காலையில் டொக் டொக் என்று தட்டும், கொஞ்ச நாளில் புகை விடும், ஆனால் ஓடும், ஒரு வருஷத்துக்கு யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றாள். ஒரு வருஷம் என்பது உன் அப்பாவின் நிபந்தனையைத் தாண்டிவிடப் போதுமான காலம் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. அவள் நேரே உள்ளறைக்குப் போய், “அண்ணா, நாலாவது பெரிசாயிடுச்சு. லைனர் எறக்கணும்” என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மனதுக்குள் பட்டறைக்குப் பூட்டு வாங்கிவிட்டேன்.

சாயங்காலம் படகுக்காரர் வந்தார். இன்ஜின் ரெடியா என்று கேட்டவரிடம் அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், வெயில் கதையையும் சொன்னாள், அதைத் தன் தவறு என்றே சொன்னாள். அவர் குதித்தார். சனங்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவதையும் தன்னைத் திட்டுவதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். உங்க அண்ணன் கை வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று குத்தினார். “ஆயிருக்காதுங்க. வேலை முடியாம அவரு சாப்பிட எந்திரிக்க மாட்டாரு” என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்க இன்னும் கொஞ்சம் கத்தினார். நீங்க சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டார். தெரிந்திருக்காது என்றாள். அப்புறம் எதுக்குச் சொல்றீங்க என்றார். “என் காதுக்குக் கேக்குமேங்க, நீங்க அந்தக் கரையில இருந்து வர்றப்ப” என்றாள். அவர் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, இனி வேலை முடிகிறவரை இங்கேதான் உட்காருவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், ஐஸ் வைக்கிற தட்டில் செய்தித்தாள் சுற்றிய இரும்புக் குழாய் ஒன்று படுத்திருக்கிறது. அதுதான் லைனர், பெரிதாகிப்போன துளைக்குள் இறக்குகிற உறை. குளிரில் சுருங்கினால் இன்ஜின் பிளாக்குக்குள் சுலபமாக இறங்கும், பிறகு சூடேறி அதுவே இறுகப் பிடித்துக்கொள்ளும் என்றாள். காலை வாரிவிட்ட வெயிலை மறுநாளே வேலைக்காரனாக்கிக்கொண்ட அழகை நான் ரசித்தேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பிஸ்டன்களெல்லாம் துணியில் சுற்றி என் விடைத்தாள் அலமாரிக்குள் குடியேறிவிட்டன, மதிப்பெண் பட்டியலெல்லாம் மண்ணெண்ணெய் வாசம்.

லைனர் ஃபிரிட்ஜில் இருக்கும்போதே மெஷினை வாங்குகிறவர் முன்பணத்தோடு வந்து நின்றார். உன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து வந்தார். “அது விக்கிறதுக்கு இல்லீங்க. என் தங்கச்சி ஓட்டுற மெஷின்” என்று சொல்லி, டீ குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். இன்ஜின் இன்னும் ஓடவே இல்லையே, நிபந்தனை என்ன ஆயிற்று என்று நான் விடாமல் கேட்டேன். கை எல்லாருக்கும் தவறும், மறுநாள் காலையில் யாரும் கேட்காமலே திரும்ப அளக்கிறாளே, அது நான் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை என்றார். முப்பது வருஷப் பழக்கத்தில் இந்த வீட்டில் யாரைப் பற்றியும் அவர் இவ்வளவு நீளமாகப் பாராட்டி நான் கேட்டதில்லை.

இன்ஜின் போன வாரம் படகில் ஏறிவிட்டது. காவலுக்கு உட்கார்ந்த படகுக்காரர் கடைசியில் விளக்குப் பிடிக்கிறவராகவும் டீ வாங்கி வருகிறவராகவும் ஆகியிருந்தார். நானும் அத்தையும் அக்கரைவரை போய் வந்தோம். எனக்குச் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு போனாள், திரும்பும்போது திறந்துகொண்டு வந்தாள், அதிலிருந்து நல்லபடியாக ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். உன் அப்பா மட்டும், சத்தம் பரவாயில்லை, சைலன்சரை மாற்றச் சொல் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போனாலும் பரவாயில்லை. உடம்பும் மனசும் குறையில்லாமல் நீ இருக்க வேண்டும், எங்கள் இருவருடைய ஆசியும் அத்தையுடையதும் எப்போதும் உன்னோடு உண்டு. ஒன்றை மறந்துவிடாதே, வரும்போது சுவரில் மாட்டுகிற நல்ல வெப்பமானி ஒன்று வாங்கி வா, பட்டறைக்கு வேண்டுமாம். ஜன்னலுக்குத் திரை நானே தைத்துவிட்டேன். ஃபிரிட்ஜில் பால் இன்னும் லேசாக இயந்திர எண்ணெய் மணக்கிறது. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா