கோமதியின் சிறுநீரகம்

நாள் 412, காலை 6.10
செவ்வாய்க் கோள், வடக்குப் பசுமைக்கூடம். எழுதுபவர் சங்கரபாண்டி, வயது 67. காற்றழுத்தம் சரி. கீரைப் பாத்திகள் சரி. புழுதிப்புயல் ஓயவில்லை, வண்டி வராது. புதுப் பாத்திக்குத் தென்னைநார்க் கட்டிகளை உடைத்தேன். நனைந்து பூசணம் பூத்திருந்தன. முகக்கவசம் போடவில்லை, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது. என்னைப் போல் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் கவசமின்றி மண்ணைத் தொடக்கூடாதாம், நிறுவனத்தார் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இந்தக் கூடத்தைக் கட்டியவன் நான். கல்லூரி வாசலை மிதிக்காதவன் என்பதால் பொறியாளர் வரிசையில் என் பெயர் இல்லை. புத்தி சொல்ல மட்டும் வந்துவிடுகிறார்கள்.

நாள் 423, பகல் 2.40
காய்ச்சல். இருமலில் ரத்தம். எக்ஸ்ரே அனுப்பினேன். மையக் குடியிருப்பிலிருந்து டாக்டர் ரெஹானா:
"ஐயா, நுரையீரல்ல பூஞ்சை. நல்ல உடம்பை அது ஒண்ணும் பண்ணாது. உங்க உடம்பு கிட்னியை எதிர்க்கக் கூடாதுன்னு மாத்திரை குடுத்து அடக்கி வச்சிருக்கோம். இப்ப பூஞ்சையை எதிர்க்கவும் ஆளில்ல. பூஞ்சை மருந்து மட்டும் பத்தாது, அந்த மாத்திரையை நிறுத்தணும். புயல் ஓயற வரைக்கும் கிட்னி தாங்கும். போனாலும் இங்க டயாலிசிஸ் மெஷின் இருக்கு."
மருந்து போட்டுக்கொண்டேன். மாத்திரையை நிறுத்தவில்லை.

நாள் 428, மாலை 5
படியேற முடியவில்லை. மேல் பாத்திகள் காய்கின்றன. ரெஹானா என் தங்கை கோமதியைப் பேச வைத்தார். அங்கே சமையற்கூடம் அவளுடையது. எனக்குச் சிறுநீரகம் கொடுத்தவளும் அவள்தான்.
"அண்ணே, மாத்திரையை நிறுத்த மாட்டேங்கியாமே? குடுத்தவ நான் சொல்லுதேன், போனா போவுது. செத்த பெறவு அத வச்சு என்ன செய்யப்போற, ஊறுகா போடப்போறியா?"
சிரித்தேன். சிரிப்பு இருமலாகிவிட்டது.
"இங்க வா. மெஷின்ல கெட. நான் பக்கத்துல உக்காந்து ஒன்னைய ஏசிக்கிட்டே இருக்கேன்."
இந்த நிறுவனம் எனக்குத் தந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. இவள் கொடுத்ததை நானே எறிய வேண்டுமாம். மாட்டேன்.

நாள் 431
ஆக்சிஜன் முகமூடியோடு எழுதுகிறேன். விரல் நுனிகள் நீலம். கோமதி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.
"அண்ணே, பேசுண்ணே. ஏசமாட்டேன். நிறுத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு."
மாத்திரை போட்டுக்கொண்டேன்.

நாள் 432 அல்லது 433
புயல் குறைகிறது. வண்டி கிளம்பிவிட்டதாம். வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்: சிறுநீர் நிறையப் போகிறது. தெளிவாகப் போகிறது. அவளுடையதில் ஒரு குறையும் இல்லை. கழற்றி வேறு யாருக்காவது

மூச்சுதான்