மூன்று முறை ஒளிர்ந்த சொல்லுக்கு மூன்று பங்கு உப்பு

கடல் வற்றாதிருக்க, அளங்களில் உப்பு குறைவின்றி விளைய, காலையில் சென்ற தோணிகள் அத்தனையும் மாலையில் கரை சேர்க.

ஏழு அளங்களுக்கு உரியவரும், உப்பங்கரை மக்களுக்குத் தாயும் தலைவியுமாகிய நங்கை ஆதிரையார் திருமுன்பு, மேழிநாட்டு வேந்தர் இளஞ்சேந்தனாரின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு அமைச்சனாகிய உதியன் கடம்பன் தலை தாழ்த்தி எழுதும் ஓலை. வழக்கமாக இவ்விடத்தில் என் பட்டங்கள் ஐந்தும் வரிசையாக நிற்கும். இம்முறை அவற்றை எழுத எனக்குக் கை வரவில்லை.

தாங்கள் அனுப்பிய ஓலை கிடைத்தது. சென்ற மாதம் தங்கள் ஊரில் வாந்திபேதி கண்டு ஒன்பது பேர் மாண்டதையும், தலைநகரிலிருந்து நாங்கள் எலும்பு கட்டும் வைத்தியரை அனுப்பியதையும் குறிப்பிட்டு, தவறு தங்கள் கணக்கர் பெருந்தேவனாருடையது என்றும், உப்பை மிச்சம் பிடிக்க எண்ணி அவர் செய்தியை மறுமுறை அனுப்ப இசையாமல் போனார் என்றும், அமாவாசையன்று அவரை ஊர்மன்றில் நிறுத்த இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மாண்ட ஒன்பதின்மரில் ஒருவர் அவர் மனைவி என்பதையும், தமக்குத் தண்டனை வேண்டுமென்று அவரே கேட்கிறார் என்பதையும் எழுதியிருந்தீர்கள். அதோடு நில்லாமல், தங்கள் ஊரால் எங்கள் வேந்தருக்கு ஏற்பட்ட அலைச்சலுக்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டு, அம்மாதத்து உப்பை ஒரு மரக்கால் குறையாமல் வண்டியேற்றி அனுப்பியிருந்தீர்கள். அந்த வண்டிகள் என் வாசலில் வந்து நின்றபோது நான் சிரித்த முகத்தோடு பற்றுச்சீட்டில் முத்திரை இட்டேன். ஓலையை அதற்குப் பின்தான் படித்தேன்.

நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். தங்கள் கரையில் நிற்கும் எங்கள் முதற்கோபுரத்தில், காவற்பெண் கொற்றி கண்ணாடியைச் சூரியனுக்குக் காட்டித் தங்கள் செய்தியைச் சொல் சொல்லாக ஒளிரச் செய்வாள். ஒரு சொல்லுக்கு ஒரு புளியங்கொட்டை பானையில் விழும். செய்தி அனுப்புவோர் பத்துக் கொட்டைக்கு ஒரு மரக்கால் உப்பு தர வேண்டும் என்பது நம் உடன்படிக்கை. அடுத்துள்ள மஞ்சுமலைக் கோபுரத்தார் தாம் கண்டதைத் தலைநகர்க் கோபுரத்துக்கு அனுப்புவர். ஏதேனும் தெளிவாகத் தெரியாவிட்டால் செந்துணி ஏற்றுவர். அப்போது கொற்றி அதே சொல்லை மறுபடி ஒளிரச் செய்தால் மறுபடியும் கொட்டை விழும். இவ்விதியை வகுத்தவன் நான். ஒளிர்ந்தது ஒளிர்ந்ததுதானே, கை வலித்தது வலித்ததுதானே என்று அவையில் வாதாடி இதற்கு ஒப்புதல் வாங்கியவனும் நான்.

கடற்காற்றில் வெண்கலக் கண்ணாடி மங்கும். மாதம் ஒருமுறை துலக்க வேண்டும். செலவு மிகுதி என்று மூன்றாண்டுகளுக்கு முன் அதை நிறுத்தினேன். கண்ணாடி மங்க மங்கச் செந்துணி அடிக்கடி ஏறியது, பானை விரைவாக நிறைந்தது, உப்பு மலையாகக் குவிந்தது. உப்பங்கரையார் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்று வேந்தரிடம் வேடிக்கையாகச் சொல்லிப் பட்டாடை பெற்றேன். கண்ணாடியில் தன் முகமே தெரியவில்லை என்று கொற்றி இருமுறை சொல்லியனுப்பினாள். கோபுரக் கண்ணாடி அவள் பொட்டு வைத்துக்கொள்வதற்கன்று என்று பதில் அனுப்பினேன்.

தங்கள் ஓலையைப் படித்த மறுநாளே புறப்பட்டு மஞ்சுமலைக்கும், அங்கிருந்து யாருக்கும் சொல்லாமல் தங்கள் கரைக்கும் போனேன். கொற்றி என்னைக் கண்டு எழுந்து நிற்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று பெருந்தேவனார் கொடுத்த செய்தி ஐந்தே சொல் என்றாள்: ஊரில் வாந்திபேதி, பேதிக்கு வைத்தியரை அனுப்புக. மஞ்சுமலையில் தெரிந்தவை கடைசி இரண்டு. செந்துணி ஏறியதும் மறுபடி அனுப்பலாமா என்று அவரைக் கேட்டதாகவும், ஒருமுறைக்குமேல் வேண்டாமென்பது தலைவியின் கட்டளை என்று அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றதாகவும் சொன்னாள். அப்படியும் தன் கை கண்ணாடிமேல்தான் இருந்தது என்றாள். உப்புக் கணக்கில் சேராமல் ஒளிரும் சொல் ஒவ்வொன்றுக்கும் காவலரின் கூலி நெல்லைப் பிடிக்க வேண்டும் என்ற என் விதி நினைவுக்கு வந்து கையை எடுத்துவிட்டாளாம். வீட்டில் நான்கு வாய் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

தலைநகரில் அந்த இரண்டு சொல்லையும் வாங்கியவன் நான். வைத்தியர் யாராயினும் வைத்தியர்தானே என்று, அன்று வேலையின்றி இருந்தவரை மூங்கிற் பட்டைகளோடு அனுப்பினேன். என்ன நோய் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்டு அனுப்பும் செய்திக்கு உப்பு எங்கள் செலவாக எழுதப்படும் என்பதால் கேட்கவில்லை.

தலைநகர்க் கோபுரத்திலும் ஒரு பானை உண்டு. வந்து சேர்ந்த சொற்களுக்குக் கொட்டை இடும் பானை. தேவையற்றதென்று அதை மாதந்தோறும் எண்ணாமலே கொட்டிவிடச் சொல்லியிருந்தேன். இம்முறை இரண்டு பானைகளையும் அருகருகே வைத்து நானே எண்ணினேன். தங்கள் கரைப் பானையில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. எங்கள் பானையில் முந்நூற்று நான்கு. எங்கள் அழுக்குக் கண்ணாடிக்குத் தாங்கள் உப்பு அளந்திருக்கிறீர்கள். அந்தச் சுமை தாங்காமல்தான் ஒருமுறைக்குமேல் வேண்டாம் என்ற கட்டளை தங்கள் ஊரில் பிறந்தது. ஆகவே பெருந்தேவனார் குற்றவாளி அல்லர். கட்டளையிட்ட தாங்களும் அல்லீர்.

இவற்றையெல்லாம் வேந்தரிடம் சொன்னேன். அவர் ஆணையிட்டார்: இன்று முதல் வந்து சேர்ந்த சொல்லுக்கே உப்பு; மறுமுறை ஒளிர்வது எங்கள் செலவு; நோய், புயல், தீ பற்றிய செய்திக்குக் கொட்டையே இல்லை; கொற்றியின் கண்ணாடி மாதந்தோறும் துலக்கப்படும்; மூன்றாண்டுகளில் மிகையாகக் கொண்ட உப்பு இருநூற்றுப் பதினொரு வண்டிகளில் திரும்பி வரும். உப்பைத் திருப்ப முடிகிறது.

இவ்வாணைக்குச் சான்றாக வேந்தர் தம் கையால் மேழி முத்திரை இட்டார். என் முத்திரையை அவரிடமே ஒப்படைத்துவிட்டேன். இந்த ஓலையைக் கோபுர வழியே அனுப்பியிருந்தால் அரை நாளில் சேர்ந்திருக்கும். அந்தக் கண்ணாடியின் வழியே இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அமாவாசைக்கு முன் கால்நடையாக வந்து சேர்கிறது. தங்கள் வாசலில் இதை நீட்டிய புழுதிக்கால் மனிதனைத் தூதன் என்று எண்ணி மோர் கொடுத்து அனுப்பிவிட வேண்டாம். எழுதியவன் அவனே. ஊர்மன்றில் பெருந்தேவனார் நிற்க இருந்த இடத்தில் அவனை நிறுத்துமாறு வேண்டுகிறேன்.