திமிர் என்று எழுதிய நாட்கள்

அண்ணா,

மாத்திரையை வெறும் வயிற்றில் போடு. ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடு. சோறு மூடி வைத்திருக்கிறேன்.

நீ தட்டை வீசியது, பக்கத்து வீட்டுக்காரர் வேவு பார்ப்பதாகச் சொன்னது எல்லாவற்றையும் தேதி போட்டு, "திமிர்" என்று என் நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். நேற்று நீ அதைப் படித்துவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கு, டீச்சரம்மா" என்றாய். திட்டியிருக்கலாம். அதெல்லாம் உன் மூளையில் செம்பு சேர்ந்ததால்தான் என்று டாக்டர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

பரம்பரை நோயாம். இன்று எனக்கும் ரத்தப் பரிசோதனை. முடித்துவிட்டு மாலை வகுப்பு எடுக்கப் போவேன்.

தங்கை

பி.கு.: ஒரு வாரமாக எனக்கும் காரணமில்லாமல் கோபம் வருகிறது. நோயா, பயமா, தெரியவில்லை. அந்த நாட்குறிப்பு மேசைமேல் இருக்கிறது. இனி என்னைப் பற்றி நீ எழுது. திமிர் என்றே எழுது, பொறுத்துக்கொள்கிறேன். தேதியை மட்டும் விட்டுவிடாதே, டாக்டர் கேட்பார்.