படகைக் கவிழ்க்கத் தெரியாதவனுக்கு

மச்சான்,

நேற்று பேத்தி கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பாய்ப்படகு ஓட்டக் கற்றுத்தரும் மூன்று பள்ளிகள், மூன்று விதமான சர்டிபிகேட். "தாத்தா, எதுல சேரட்டும்?" என்றாள். "படகு கவிழ்ந்தா யார் நிமிர்த்துவாங்கன்னு கேளு" என்றேன். அதை என் புத்தி என்று நினைத்துக்கொண்டாள். அது உன்னுடையது என்று எனக்கல்லவா தெரியும்!

எமர்ஜென்சி முடிந்த வருஷம். மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை ஓட்டலில் நான் மேஜை துடைத்தேன், நீ தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாய். விருந்தினருக்காகப் பாய்ப்படகுகள் வரப்போகின்றன, சீசனுக்குள் சர்டிபிகேட் கொண்டுவரும் இரண்டு பேருக்கு நிரந்தர வேலை என்றார் மேனேஜர். நாம் இருவருமே தினக்கூலிகள். உனக்குக் கைக்குழந்தை வேறு. பிறந்ததிலிருந்து கட்டுமரத்தில் கிடந்த நீயும், எங்கள் ஊர் படாளத்துக் கிணற்றைத் தாண்டி நீந்தாத நானும் ஒரே தாளுக்காக அலைந்தோம்.

மெட்ராஸில் முதலில் பார்த்த பள்ளியில் நான்கே நாள், கையில் சர்டிபிகேட். நான் பாரத்தை நிரப்பவே தொடங்கிவிட்டேன். நீ ஒன்றுதான் கேட்டாய்.

"போட்டு கவுந்துச்சின்னா யாரு சார் நிமித்துவா?"

"மோட்டார் படகு வரும்பா. கவலையே வேணாம்."

என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாய். "வா மச்சான். நம்ம பீச்சாண்ட மோட்டாரு இன்னா நின்னுகினா கீது?"

முட்டுக்காட்டு உப்பங்கழியில் சொல்லிக்கொடுத்தவர் அதே கேள்விக்கு, "நீதான்" என்றார். பன்னிரண்டு நாள் பயிற்சி, அத்தனை நாள் கூலியும் போகும். திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கடைசி நாள் பரீட்சை. தனியாகப் போய், படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, ஓட்டிக்கொண்டு வரவேண்டும். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பதினொரு நாளும் கவிழ்ந்துகொண்டுதானே இருந்தேன். உன்னால்தான் முடியவில்லை. படகைச் சாய்ப்பாய், அது படுக்கப்போகும் நேரத்தில் உன் கால் தானாக மறுபக்கம் தாவிவிடும். நான்கு முறை. கரையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னா பண்றது சார், ஒடம்பு வுட மாட்டுது" என்று கைகட்டி நின்றாய்.

"கவிழ்க்காதவனுக்கு எப்படிப்பா கையெழுத்துப் போடுவேன்?" என்றார் வாத்தியார். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்னையும் உன்னோடு ஏற்றும்படி கெஞ்சினேன். நிமிர்த்துவது நீ மட்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

நடுக்கழியில் படகு சாய்ந்தது. நீ வழக்கம்போல மறுபக்கம் தாவினாய். நான் உன்னிடம் சொல்லாமலே பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு சாய்ந்த பக்கமே தொங்கினேன். கவிழ்ந்தது. பாய் என் தலைமேல் விழுந்தது. எந்தப் பக்கம் எழும்பினாலும் துணி. செத்தேன் என்றே நினைத்தேன். அப்போதுதான் உன் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது.

வெளியே இழுத்து, "சொல்ட்டு வுழக்கூடாதாடா பேமானி!" என்று கத்தினாய். அதற்குள் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. கரையிலிருந்து வாத்தியார் அதைக் காட்டிக் கூவினார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போட்டு எங்க சார் பூடும்? முதல்ல ஆளு மூச்சு வுடட்டும்!"

நான் இருமி முடிக்கும்வரை என்னைத் தாங்கிக்கொண்டிருந்தாய். பிறகு நீந்திப்போய், படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று ஒரே இழுப்பில் படகை நிமிர்த்தினாய். வாத்தியார் வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். வேலை இரண்டு பேருக்கும் கிடைத்தது.

நீ போய் இது மூன்றாவது மழைக்காலம். அந்த வேலையில் முப்பது வருஷம் இருந்தேன். எத்தனையோ பேரோடு கவிழ்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் படகை விட்டுவிட்டு ஆளைத்தான் தேடினேன். கூட்டிப்போன ஒருவரையும் நான் கடலில் விட்டு வந்ததில்லை. உயிரோடு இருந்தபோது நன்றி என்று ஆரம்பித்தாலே, "பேஜாரு பண்ணாத மச்சான்" என்று எழுந்து போய்விடுவாய். இப்போது எழுந்து போக முடியாது உன்னால்.

நன்றி, மச்சான்.