நடுவில் காணாமல் போகும் பதினான்கு x

குன்சான்,
9 ஜூலை 1998

அன்பு மகள் மிரானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், ஜெர்மனியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாய் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மழை பிடித்துக்கொண்டு மிளகாய்ப்பொடியெல்லாம் நமுத்துப்போய்விட்டது, ஆனால் அதைச் சொல்ல நான் உட்காரவில்லை. இதைத் தனியாக இருக்கும்போது படி. போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவருக்கும் இது தெரியாது. நீ இங்கே படிக்கும்போது பள்ளியில் மார்ச் மாதமானால் குடும்ப விவரத் தாள் தருவார்களே, அதில் தாயின் படிப்பு என்ற இடத்தில் மேல்நிலைப் பள்ளி என்று எழுதச் சொல்வேனே, அது பொய். பள்ளிச் சமையற்கூட வேலைக்கும் அந்தப் பொய்யைத்தான் எழுதிக் கொடுத்தேன். பதினோரு வருஷம் யாரும் கேட்கவில்லை, புதிதாக வந்த மேற்பார்வைப் பெண் செப்டம்பருக்குள் சான்றிதழ் வேண்டும் என்கிறாள். அப்பாவின் தொழிற்சாலையும் மூடிவிட்டது, இதுவும் போனால் நாங்கள் என்ன செய்வோம் மிரான்.

அந்தச் சான்றிதழுக்கான தனித்தேர்வு ஆகஸ்டு ஐந்தாம் தேதி. மற்ற பாடமெல்லாம் ஏப்ரலிலேயே தேறிவிட்டேன், கணக்கில் மட்டும் மண்ணைக் கவ்வினேன். தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மாலைப் பள்ளிக்குப் போகிறேன். பக்கத்தில் உட்காரும் கு என்ற டாக்சிக்காரர் என் படத்தை எட்டிப் பார்த்து, “அக்கா, இது முக்கோணமா, மிதிபட்ட சோத்துருண்டையா?” என்கிறார். கர்ணம் 13, ஒரு பக்கம் மற்றதைவிட 7 குறைவு, பெரிய பக்கம் எவ்வளவு, இதுதான் கணக்கு. x² + (x − 7)² = 169 வரை கை தானாக எழுதிவிடுகிறது. அடுத்த வரியில் (x − 7)² என்பதை x² + 49 என்று எழுதிவிடுகிறேன், கடைசியில் x² = 60 என்று வந்து நிற்கிறது, கொடுத்த விடைகளில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. யூன் ஆசிரியர் உன்னைவிடச் சின்னவர், “நடுவுல மைனஸ் 14x-ஐ முழுங்கிட்டீங்களேம்மா” என்கிறார். தப்பாய்ப் போட்ட கணக்கைத் திருத்தி எழுதும் நோட்டில் முப்பத்தொரு தடவை எழுதிவிட்டேன், மறுநாளே மறுபடி விழுங்குகிறேன். அவர் போட்டால் 12, −5 என்று இரண்டு விடை வருகிறது, பக்கத்தின் நீளம் மைனஸில் இருக்காது என்று −5-ஐத் தள்ளிவிடுகிறார், அது எனக்குச் சட்டென்று புரிந்தது. அந்த 14x எங்கிருந்து வருகிறது என்பதுதான் மண்டையில் ஏறவில்லை.

நீ எட்டாவது படிக்கும்போது இப்படி ஒரு கணக்கை என்னிடம் நீட்டினாய். அரிசி களைந்த ஈரக் கையால் உன் தலையில் குட்டி, “ஒன் கணக்க நீயே போடு, எனக்கு வேற வேலையில்லையா” என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே போய்த் தனியாகப் போட்டாய். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை மகளே, அரிசி களைந்தாகிவிட்டிருந்தது. எனக்குக் கணக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது நான் நோட்டை நீட்டுகிறேன். ஒரு வரிகூடத் தாண்டாமல் எழுதி அனுப்பு, வீட்டுக்கு வேண்டாம், உறையின் பின்னால் உள்ள மாலைப் பள்ளி முகவரிக்கு. குட்ட வேண்டுமென்றால் அந்தத் தாளிலேயே நாலு வார்த்தை எழுதிக் குட்டிவிடு, ஆனால் எழுது.

நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ். குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்காதே. இருபத்தேழு நாள்தான் இருக்கிறது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளியோடு நின்றுபோன உன் அம்மா