எட்டு ஓநாய்களா, ஒரு கரடியா

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐந்தாவது லெவல் வந்துவிட்டது. இரண்டு வருடம்! இனி என் மந்திரவாதினி மிருகங்களை வரவழைக்கலாம். இதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விளக்கேற்றுவது, கதவைப் பூட்டுவது, அடி வாங்குவது.

ஞாயிறு மதியம் பல் கிளினிக்குக்கு விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேசையைப் போட்டு, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்துக்கு நாலு பேர் உட்காருவோம். கதையை நடத்துபவர் பல் டாக்டர். காடு, கோட்டை, எதிரிகள் எல்லாம் அவர் கையில். எதிரிகளுக்குப் பொம்மை வாங்க மாட்டார். அச்செடுத்து மிஞ்சிய பழைய பிளாஸ்டர் பற்கள்தான். திருடன் என்றால் முன்பல், பூதம் என்றால் கடைவாய்ப்பல். கணக்கு டீச்சர் எங்கள் கூட்டத்தின் பூசாரி, காயம் ஆற்றுபவர். அத்தான் வாள்வீரன். அக்காவின் கணவர், என்னை இந்த ஆட்டத்துக்குக் கூட்டி வந்ததே அவர்தான்.

"மந்திரம் ஒண்ணுதான்," என்று டாக்டர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "யாரக் கூப்பிடறேன்னு நீதான் சொல்லணும். பெருசா ஒண்ணு வரும், நடுத்தரமா ரெண்டு வரும், இல்ல சின்னதா எட்டு வரும். நீ சொன்னத அப்படியே செய்யும்."

பட்டியல் மூன்று பக்கம். கரடி, காட்டுப்பன்றி, மலைப்பாம்பு, ஓநாய், ராட்சதச் சிலந்தி, கழுகு...

"அடுத்த பிறவிக்குள்ள முடிவு பண்ணிடுவியா?" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பட்டியலை வேலைக்கே கொண்டுபோய்விட்டேன். பிராணிகள் ஆஸ்பத்திரியில் உதவியாளராக ஒன்பது வருடம் இருந்தவளுக்கு இந்தப் புத்தகம் எழுதியவர்களிடம் சில கேள்விகள் இருக்கின்றன. காட்டுப்பன்றி கடிக்காது, கிழிக்கும். அது தெரியவில்லை அவர்களுக்கு.

காலையில் ஒரு நாய் வந்தது. நாலு தெருநாய்கள் சேர்ந்து குதறியிருந்தன. தொடையில் சதை பெயர்ந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு காது பாதிதான். விலாப் பக்கம் தோல் பை மாதிரித் தொங்கியது. நான் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா ஒன்றரை மணி நேரம் தைத்தார்.

"ஒரே ஒரு பெரிய நாய் கடிச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு கடிச்சா திரும்பிக் கடிக்கலாம், இல்ல ஓடலாம். நாலு வந்தா எந்தப் பக்கம் ஓடறது?"

மதியம் கணக்கு டீச்சருக்குப் போன். அவரும் அதையேதான் வேறு பாஷையில் சொன்னார். "கரடிக்கு அடி பலம். ஆனா ரெண்டு தடவதான் பகடை உருட்டுவ. ரெண்டும் தப்புச்சுன்னா போச்சு. எட்டு ஓநாய்னா எட்டு உருட்டல். எட்டும் தப்பாதும்மா."

ஓநாய்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஓநாய்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எட்டு ஊசி மூடிகள் கொண்டுபோனேன். நீல நிறம். அத்தான் தன் வாள்வீரனைத் தானே செதுக்கி, தானே வண்ணம் பூசியவர். கண் இமை வரை வரைந்திருப்பார். மூடிகளைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆற்றங்கரையில் கொள்ளைக்காரர்கள், பன்னிரண்டு முன்பற்கள். முதல் சுற்றிலேயே கூப்பிட்டேன். எட்டும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ஒருவனைக் குதிகாலில் கவ்வித் தரையில் இழுத்தன, அடுத்தது தொண்டையில் விழுந்தது. வில்லெடுத்தவனின் கை வில்லோடு போனது. ஆற்றில் குதித்தவனைத் தண்ணீருக்குள்ளேயே முடித்தன. டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு மூச்சு வாங்கியது.

ஒரு சிக்கல் உண்டு. என்மேல் அடி பட்டு மனம் சிதறினால் ஓநாய்கள் என் பேச்சைக் கேட்காது. யாரையும் கடிக்கும், என்னையும்தான். அதனால் அத்தான் என் முன்னால் வந்து நின்றார். "உன்ன ஒருத்தன் தொடக்கூடாது, நான் பாத்துக்கறேன்." மூன்று அம்புகளைத் தன் ஆள்மேல் வாங்கிக்கொண்டார்.

அவர் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவரிடம்தான் கற்றுக்கொள்ளக் கேட்பார்களாம். அவ்வளவு பொறுமை என்பார்கள்.

பிப்ரவரி 19, புதன்

அக்கா வீட்டுக்குப் போனேன். அலமாரி மேல்தட்டிலிருந்து டப்பா எடுக்கக் கையைத் தூக்கினாள். ரவிக்கைக் கை விலகியது. மேல் கையில் வரிசையாக நாலு, பின்பக்கம் ஒன்று. கருநீலம், ஓரம் மஞ்சள். நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

"என்னக்கா இது?"

"அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு."

"அலமாரிக்கு விரல் இருக்கா?"

கையை இறக்கிக்கொண்டாள். "உன் வேலையப் பாரு டீ. நல்லாத்தானே இருக்கேன்."

நாலைந்து நாள் என்றால் ஞாயிறுக்கு முன்னால். அந்தக் கையால்தான் அத்தான் பகடை உருட்டினார். அந்தக் கையால்தான் கண் இமை வரைந்தார்.

நான் என்ன செய்தேன்? காபி குடித்தேன். குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். தினமும் காயம் கழுவுகிறவள். வாய் வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. ஏன்? ஏன் நின்றது?

பிப்ரவரி 20, வியாழன்

பட்டியலை மறுபடி எடுத்தேன். கரடி போதாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

கோட்டை வாசல். நாலே நாலு காவலர்கள். சீக்கிரம் முடிய வேண்டிய சண்டை. அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்கக்கா இன்னிக்கும் தலைவலின்னு படுத்துட்டா. சோம்பேறித்தனம், வேற என்ன" என்றார். டீச்சர்கூடச் சிரித்தார், அவருக்கு என்ன தெரியும்.

என் முறை வந்தது. எட்டு மூடிகளையும் வைத்தேன். காவலர்களைச் சுற்றி வைக்கவில்லை. வாள்வீரனைச் சுற்றி வைத்தேன்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "இடம் மாறிடுச்சா?"

"இல்ல."

"நம்ம ஆளு மேலயா?"

"ஆமா."

அத்தான் சிரித்தார். "ஜோக்கா?"

இருபது முகப் பகடையை உருட்டினேன். பதினேழு. முழங்காலுக்குப் பின்னால் நரம்பு அறுந்தது. பத்தொன்பது. விழுந்தான். நாலு, தவறியது. பதினைந்து. வாள் பிடித்த கை, மணிக்கட்டோடு. ஐந்தாவது உருட்டலில் டாக்டர் வர்ணிப்பதை நிறுத்திவிட்டார். நானே சொன்னேன். காது போகிறது என்றேன். வயிறு திறக்கிறது என்றேன். மேல் கையில் நாலு பல், பின்பக்கம் ஒன்று என்றேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவருக்குப் புரிந்தது. கண்ணில் தெரிந்தது.

கடைசி ஓநாய் தொண்டைக்கு. இருபது!

அத்தான் மேசைக்கு மேல் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். பற்கள் சிதறித் தரையில் உருண்டன. டீச்சர் எழுந்து நடுவில் வந்து, "கைய எடுங்க" என்றார், வகுப்பில் சொல்வதுபோல. எடுத்தார். புன்னகைத்தார். "ஆட்டம்தானே!" வாள்வீரனைப் பஞ்சில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரும் டீச்சரும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தலைவலி என்றேன்.

நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிக நன்றாக இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

அக்கா காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்குப் போனேன். கதவு திறக்க நேரமானது.

இடது கண் மூடியிருந்தது. மேல் உதடு கிழிந்திருந்தது. முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. மூச்சு விடும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து என்னடீ நடந்துச்சு அங்க? வந்ததும் வராததுமா பெல்ட்ட எடுத்தாரு. 'உன் தங்கச்சி என்னக் கொன்னுட்டா, உன் தங்கச்சி என்னக் கொன்னுட்டா'ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு. நீ என்ன பண்ணின?"

நான் என்ன பண்ணினேன்.

ஓநாய்களை அனுப்பினேன் அக்கா. எட்டு. அவை உன் வீட்டுக்குத்தான் வந்திருக்கின்றன.

இதை அவளிடம் சொல்லவில்லை. என்கூட வா என்றேன். "போடீ. இன்னும் என்னென்ன பண்ணப் போற" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

டீச்சரிடமும் டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். டீச்சர் சுளீரென்று கேட்டார்: "புதன்கிழமையே தெரியும் உனக்கு. ஞாயித்துக்கிழமை எங்க முன்னாடி உக்காந்திருந்த. அப்பவும் வாயத் தொறக்கல. பொம்மையக் கொன்னா அவளுக்கு என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?"

இல்லை. யோசிக்கவில்லை.

அடுத்த நிமிடமே வண்டிச் சாவியை எடுத்தார். அத்தான் வேலையிலிருக்கும் நேரம் பார்த்து மூவரும் போனோம். என்னைப் பார்த்தும் அக்கா அசையவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ மெதுவாகப் பேசினார். அரை மணியில் ஒரு பையோடு வந்தாள்.

கிளினிக்கில் டாக்டர் பல்லைப் பார்த்தார். உதட்டையும் கண்ணையும் படம் எடுத்தார். காரணம் எழுதும் இடத்தில் "விழுந்ததால்னு எழுதட்டுமா, அடிச்சதாலன்னு எழுதட்டுமா? நீங்க சொல்றதத்தான் எழுதுவேன்" என்றார். அக்கா மேலே விளக்கைப் பார்த்தாள்.

"அடிச்சதால."

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று இடது கையால் எழுதுகிறேன், கோழி கிறுக்கியதுபோல.

அக்காவை என் வீட்டில் தனியாக விடப் பயந்து நேற்று வேலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். உள் அறையில், கூண்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்தேகாலுக்கு முன்பக்கக் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. அத்தான். கையில் வீல் ஸ்பேனர். கண்ணாடித் தூளை மிதித்துக்கொண்டு நேராக உள்ளே வந்து அக்காவின் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். அவள் நாற்காலியோடு விழுந்தாள்.

கூண்டுகள் எல்லாம் அலறின. கடைசிக் கூண்டில் ஒரு காவல் நாய், நாற்பது கிலோ, கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. என் கை தாழ்ப்பாளில் இருந்தது. இழுத்தால் போதும்.

அதன் வயிற்றில் பதினாறு தையல். பாய்ந்தால் குடல் வெளியே வரும். மனிதனைக் கடித்தால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அவ்வளவும் அந்த ஒரு விநாடியில் தோன்றியதா, இப்போது நானாக எழுதுகிறேனா? தெரியவில்லை. கையை எடுத்தேன். நானே பாய்ந்தேன்.

முடியைப் பிடித்திருந்த கையைக் கடித்தேன். தோல் கிழிந்து பல் எலும்பில் இடித்தது. அவர் கத்தினார். நான் விடவில்லை. ஸ்பேனர் என் தோளில் இறங்கியது, உள்ளே ஏதோ காய்ந்த குச்சிபோல முறிந்தது. அப்போதும் விடவில்லை. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கினார்.

டாக்டரம்மா. ஐந்தடிகூட இருக்க மாட்டார். கடிக்கிற நாய்களைப் பிடிக்கும் நீளக் கழி, நுனியில் கம்பிச் சுருக்கு. பின்னாலிருந்து அத்தானின் கழுத்தில் மாட்டி ஒரே இழுப்பு. ஸ்பேனர் விழுந்தது. முகம் ஊதா நிறமாகிச் சுவரோடு சரிந்தார். "அசைஞ்சா இறுகும். அசையாம இருந்தா மூச்சு வரும்" என்றார் டாக்டரம்மா, தினமும் நாய்களிடம் சொல்கிற அதே குரலில்.

அக்கா ஸ்பேனரை எடுத்தாள். இரண்டு கையாலும். அவருக்கு நேராக நின்றாள். பிறகு அதை மருந்து மேசைமேல் வைத்துவிட்டு, போனை எடுத்துப் போலீசுக்கு அவளே பேசினாள். முகவரி சொன்னாள். யார் என்று கேட்டிருக்க வேண்டும். "என் புருஷன்" என்றாள்.

மார்ச் 2, ஞாயிறு

காறை எலும்பு. ஆறு வாரம். எத்தனை தடவை வாய் கொப்பளித்தாலும் அந்த ருசி போகவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடி மேசைக்குப் போனோம், மூன்று பேர்.

"அந்த வாசல் சண்டைய நடக்கலன்னு வச்சுக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"வேண்டாம். நடந்தது நடந்ததுதான்."

டீச்சர் தலையாட்டினார். "இனிமே கோபம் வந்தா வாயத் தொறந்து சொல்லு. ஓநாய்கிட்ட சொல்லி அனுப்பாத."

கோட்டைக்குள் பூதம் வந்தது, பெரிய கடைவாய்ப்பல். டீச்சரின் பூசாரியை ஒரே அடியில் சுவரில் தூக்கி எறிந்தது. முன்னால் நிற்க யாரும் இல்லை. என் முறை. பட்டியலைப் பார்க்கவே இல்லை. கரடி என்றேன். ஒன்றே ஒன்று, பூசாரிக்கும் பூதத்துக்கும் நடுவில். பூதம் அதன் முதுகைப் பிளந்தது. கரடி நகரவில்லை. கடைசி வலுவில் எழுந்து பூதத்தின் முகத்தையே பிய்த்து எடுத்தது. டீச்சர் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்.

எனக்கும் பிடித்திருந்தது. ரத்தம் பிடிக்காமல் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. இடது கையால் உருட்டினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அவர் ஜாமீனில் வந்திருக்கிறார். எங்கள் தெருப்பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. அக்கா டீச்சரின் பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்.

காலையில் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டேன். "அறிவிருக்காடீ உனக்கு? எத்தன தடவ சொல்றது? மெத்தையெல்லாம் ஊறிப்போச்சு, யாரு காயவைக்கறது, நம்ம அப்பாவா?" அக்கா ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. துண்டிலிருந்து செருப்புக்குப் போனாள், செருப்பிலிருந்து நான் பால் பாக்கெட்டை வெட்டும் அழகுக்கு. கீழ்வீட்டுக்காரம்மா படியேறி வந்து என்ன என்று எட்டிப் பார்த்தார். "நீங்களே கேளுங்கக்கா இவளோட லட்சணத்த" என்று அவரையும் சேர்த்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு, பதினோரு வருடமாக, அவள் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் நின்று கேட்டேன்.